ஸ்காலரில் 437, ஸ்கோபஸில் 111: எது என் கணக்கு?

கடலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 38. புதுச்சேரி எல்லையோரத்தில் உள்ள தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் துறை உதவிப் பேராசிரியர். நெய்வேலி ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கலந்த காங்கிரீட் உப்புக்காற்றில் எத்தனை காலம் தாங்கும் என்பதில் முனைவர் பட்டம் பெற்றவர். இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறார். அடுத்த மாதம் நேர்காணல்.

விண்ணப்பத்தில் கூகுள் ஸ்காலர் என்ற இலவசத் தேடுதளத்தைப் பார்த்து 437 சைட்டேஷன் (தன் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்பட்ட எண்ணிக்கை), எச்-இன்டெக்ஸ் (அந்த எண்ணிக்கையை வைத்துப் போடும் ஓர் அளவீடு) 11 என்று எழுதியிருந்தார். தேர்வுக் குழுவில் ஒருவர் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடியபோது 9 கட்டுரை, 111 சைட்டேஷன், எச்-இன்டெக்ஸ் 6 என்றுதான் வந்தது. "மீதி எங்கிருந்து வந்தது?" என்று துறைத் தலைவர் முன்னிலையிலேயே கேட்டுவிட்டார். வாசகி வீட்டுக்கு வந்து துழாவியதில், ஸ்கோபஸில் தன் பெயரிலேயே இன்னொரு பக்கம் இருப்பதைக் கண்டார்: 5 கட்டுரை, 151 சைட்டேஷன், எச்-இன்டெக்ஸ் 4.

அவருடைய கேள்விகள் இவை. 6-ஐயும் 4-ஐயும் கூட்டி 10 என்று எழுதலாமா? அதிக சைட்டேஷன் வாங்கிய கட்டுரையில் (96) தான் ஐந்து பேரில் நான்காவது பெயர். அதைக் காட்டினால் தப்பா? வழிகாட்டி இரண்டு கட்டுரைகளில் சேர்த்த மலேசியப் பேராசிரியரைத் தனக்குத் தெரியாது. அதை வெளிநாட்டுக் கூட்டாய்வு என்று போடலாமா? சக ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் "ஒவ்வொருவரும் மற்றவர் கட்டுரை இரண்டை மேற்கோள் காட்டுவோம்" என்று ஏற்பாடு நடக்கிறது, சேராவிட்டால் பின்தங்கிவிடுவேனா? 35,000 ரூபாய்க்கு ஸ்கோபஸ் கட்டுரையில் இரண்டாவது பெயர் தருவதாக ஒரு தரகர் செய்தி அனுப்பியிருக்கிறார், பலரும் செய்வதுதானே?

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் மனம் ஆறட்டும். நீங்கள் பொய்க்கணக்கு எழுதவில்லை. ஆனால் எழுதிய எண் முழுவதும் உங்களுடையதும் அல்ல. குழு உறுப்பினர் பார்த்த 111-ம் உங்கள் உழைப்பின் பாதியைக்கூடக் காட்டவில்லை. இரண்டு பக்கமும் பிழை இருக்கிறது, இரண்டையும் நேர்காணலுக்கு முன் சரிசெய்ய முடியும்.

சைட்டேஷன் எண் என்பது, ஒரு குறிப்பிட்ட தரவுத்தளம், ஒரு குறிப்பிட்ட நாளில், உங்களுடையது என்று தான் நம்பிய கட்டுரைகளை வைத்துப் போட்ட கணக்கு. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களை மட்டும் எண்ணும். கூகுள் ஸ்காலர் முனைவர் பட்ட ஆய்வேடுகள், சிறு மாநாடுகள், முன்பதிப்புகள், கல்லூரி இணையதளத்தில் கிடக்கும் பிடிஎஃப் வரை வாரிச் சேர்க்கும். அதனால் ஸ்காலர் எண் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும்; அதில் குற்றம் ஒன்றுமில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் தரவுத்தளத்தின் பெயரும் தேதியும் இல்லாமல் எழுதியதுதான் உங்களைச் சங்கடத்தில் மாட்டியது.

6-ம் 4-ம் சேர்ந்தால் 10 அல்ல, 9

எச்-இன்டெக்ஸ், இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த அளவீடு. கட்டுரைகளைச் சைட்டேஷன் வாரியாக இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். எந்த வரிசை எண் வரை சைட்டேஷன் அந்த எண்ணுக்குக் குறையாமல் இருக்கிறதோ, அதுதான் எச். ஆகவே இரண்டு பக்கங்களின் எச்-இன்டெக்ஸைக் கூட்டக்கூடாது. எல்லாக் கட்டுரைகளையும் கலந்து மறுபடி அடுக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி முதல் பக்கத்தில் 41, 22, 17, 11, 9, 6, 4, 1, 0. இரண்டாவது பக்கத்தில் 96, 30, 14, 9, 2. சேர்த்து அடுக்கினால்: 96, 41, 30, 22, 17, 14, 11, 9, 9, 6, 4, 2, 1, 0. ஒன்பதாவது கட்டுரைக்கு 9 இருக்கிறது. பத்தாவதுக்கு 6 தான். ஆகவே எச் 9, மொத்தம் 14 கட்டுரை, 262 சைட்டேஷன். பத்துக்குக் குறையாமல் சைட்டேஷன் பெற்றவை 7. ஐ10 என்று ஸ்காலர் காட்டும் அளவீட்டை ஸ்கோபஸ் பட்டியலுக்குப் போட்டால் அதுதான் வரும்.

உங்கள் பெயர் ஏன் இரண்டாகப் பிரிந்தது? தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை இது. இதழ்களின் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயம் நிரப்பச் சொல்கிறது. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். ஒரு கட்டுரையில் இனிஷியலையே குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பீர்கள். இன்னொன்றில் அப்பா பெயரை விரித்திருப்பீர்கள். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்து வந்திருக்கும். தரவுத்தளத்துக்கு இவை மூன்று ஆட்கள். நம் ஊரில் நிறுவனப் பெயரும் சேர்ந்து குழப்பும்: 2006-ல் பாண்டிச்சேரி புதுச்சேரியானது, பிள்ளைச்சாவடியில் இருக்கும் புதுவைப் பொறியியல் கல்லூரி பின்னர் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. பெயரும் மாறி, முகவரியும் மாறினால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கணினி ஊகிக்க வழியில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

ஸ்கோபஸிலிருந்து தொடங்குங்கள். இதற்குக் கல்லூரிச் சந்தா தேவையில்லை. ஆசிரியர் தேடல் பக்கம் எல்லோருக்கும் இலவசம். உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் போட்டுத் தேடுங்கள். இனிஷியலைக் குடும்பப்பெயராகப் போட்டும் ஒருமுறை தேடுங்கள், மூன்றாவது பக்கம் ஒன்று ஒளிந்திருக்கலாம். உங்கள் பக்கங்களை டிக் செய்து, ஆசிரியர்களை இணைக்கக் கோரும் தெரிவை அழுத்துங்கள். விரும்பும் பெயர் வடிவம் எது என்று கேட்கும். பிறகு கட்டுரை கட்டுரையாக உங்களுடையதுதானா என்று உறுதிசெய்யச் சொல்லும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஆம் போட்டுவிடாதீர்கள். கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். சில வாரங்கள் ஆகலாம், அதனால் இன்றே அனுப்புவது நல்லது. இணைந்த பிறகு ஒரே ஆசிரியர் எண்தான் மிஞ்சும். இன்ஃப்ளிப்நெட்டின் விட்வான் என்ற ஆய்வாளர் விவரப் பக்கத்திலோ கல்லூரிப் பதிவிலோ பழைய எண் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்து கூகுள் ஸ்காலர். நீங்கள் அனுப்பிய பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். அதில் இரண்டு கட்டுரைகள் வேதியியல் துறையைச் சேர்ந்தவை. உங்கள் பெயரும் இனிஷியலும் கொண்ட வேறொருவருடையவை. அவற்றுக்கு மட்டும் 58 சைட்டேஷன். புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் ஏற்பாட்டை நீங்கள் திறந்து வைத்திருந்ததால் வந்த வினை இது. அவற்றை நீக்குங்கள். 437 என்பது 379 ஆகும். எச்-இன்டெக்ஸ் இறங்கினால் அதிகபட்சம் இரண்டு இறங்கும். மனம் கசந்தாலும் செய்யுங்கள், ஏனென்றால் குழு கண்டுபிடிக்கக்கூடிய ஒரே உண்மையான தவறு உங்கள் விண்ணப்பத்தில் இதுதான். பிறகு அமைப்பில் போய், தானாகச் சேர்க்க வேண்டாம், மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கவும் என்று மாற்றுங்கள். ஒரே கட்டுரை இரண்டு வரியாக வந்திருந்தால் இரண்டையும் தேர்ந்து இணையுங்கள். சைட்டேஷன் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி தெரிந்தால் அதைத் திறந்து பாருங்கள். வேறு கட்டுரையின் சைட்டேஷன் அதில் கலந்திருக்கலாம்.

மூன்றாவது ஆர்க்கிட். ஆய்வாளர்களுக்கு 2012-லிருந்து வழங்கப்படும் 16 இலக்க அடையாள எண். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. உங்கள் பழைய பெயர் வடிவங்களை எல்லாம் "வேறு பெயர்கள்" பகுதியில் பதியுங்கள். இனி எந்த இதழுக்கு அனுப்பினாலும் இந்த எண்ணைக் கொடுங்கள். கட்டுரையில் போடும் பெயர் ஆதாரிலோ பான் அட்டையிலோ இருப்பது போலவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பயம் தெரிகிறது. அதிகமான கட்டுரைகளில் எந்த வடிவம் வந்திருக்கிறதோ, அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது பெயரும் 96 சைட்டேஷனும்

அந்தக் கட்டுரை உங்களுடையதுதான். பட்டியலில் இருக்கட்டும். ஆனால் அது ஒரு ரிவ்யூ கட்டுரை, அதாவது பிறர் செய்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது. புதிய சோதனை முடிவு சொல்லும் கட்டுரையைவிட ரிவ்யூ பொதுவாக அதிகமாக மேற்கோள் காட்டப்படும், இது குழுவில் உள்ளவர்களுக்கும் தெரியும். உங்கள் மொத்த சைட்டேஷனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒன்றிலிருந்து வருகிறது. அதனால் சராசரிகளைக் காட்டாதீர்கள். 14 கட்டுரையில் ஒன்றே சராசரியைத் தூக்கிவிடும். துறைவாரியாகச் சீர்செய்த எஃப்டபிள்யூசிஐ என்ற அளவீட்டுக்கும் இதே குறை உண்டு. அதில் 1 என்பது உலகச் சராசரி. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உள்ள ஒரு துறைக்கு அது பயன்படும். ஒரு தனி ஆளின் 14 கட்டுரைக்கு ஆடிக்கொண்டே இருக்கும்.

மாறாக இதைச் செய்து பாருங்கள்: ரிவ்யூவை எடுத்துவிட்டு மறுபடி அடுக்குங்கள். 41, 30, 22, 17, 14, 11, 9, 9, 6... எட்டாவதுக்கு 9 இருக்கிறது, ஒன்பதாவதுக்கு 6. எச் 8. அதாவது அந்தப் பிரபலமான கட்டுரை இல்லாமலும் ஒரே ஒரு படிதான் இறங்குகிறீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத பலம் இது, நேர்காணலில் இதைச் சொல்லுங்கள். "அது இல்லாமல் உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்பவருக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

சுயமேற்கோள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஸ்கோபஸ் கணக்கில் உங்கள் சொந்த மேற்கோள்களை விலக்கினால் 262 என்பது 221 ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்த மேற்கோள் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே பொருளில் தொடர்ந்து வேலை செய்பவர் முந்தைய சோதனைக் கலவையைக் குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு எண்ணையும் எழுதுங்கள். எழுதும்போது, உங்கள் மேற்கோளை மட்டும் விலக்கினீர்களா, கூட்டாசிரியர் எல்லோருடையதையும் விலக்கினீர்களா என்று சொல்லுங்கள். ஸ்கோபஸ் இரண்டு வகையும் தரும், இரண்டாவதில் எண் இன்னும் இறங்கும்.

உங்கள் கல்லூரியின் கணினித்துறை நண்பரோடு ஒப்பிட்டுக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஒப்பிடவே கூடாது. காங்கிரீட் நீடித்துழைப்பு சோதனைக்கே ஓராண்டு, ஈராண்டு ஆகும். அதைப் படித்து இன்னொருவர் சோதனை செய்து வெளியிட மேலும் சில ஆண்டுகள். சைட்டேஷன் மெதுவாகத்தான் ஏறும். ஒப்பிட வேண்டுமானால் உங்கள் உட்பிரிவில், உங்களைப் போலவே அதே ஆண்டுவாக்கில் முதல் கட்டுரை வெளியிட்டவரோடு ஒப்பிடுங்கள். சந்தா இல்லாமல் இதைப் பார்க்க, 2022-ல் வந்த ஓப்பன்அலெக்ஸ் என்ற இலவசத் தரவுத்தளம் உதவும்.

யாரோடு சேர்ந்து வேலை செய்தீர்கள்

வெளிநாட்டுப் பெயர் இருந்தால் கூடுதல் மதிப்பெண் என்று நினைக்கிறீர்கள். கல்லூரிகளின் தரவரிசைப் படிவங்களில் வெளிநாட்டுக் கூட்டுக் கட்டுரைகளின் விகிதம் கேட்கப்படுவது உண்மை. தனி ஆளின் தேர்வில் அது வேறு மாதிரி நடக்கும். யுஜிசி-யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறை அட்டவணையை உங்கள் கல்லூரி பின்பற்றினால், இருவர் எழுதிய கட்டுரைக்கு ஆளுக்கு 70 சதவீதம். இருவருக்கு மேல் என்றால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. கூட்டாசிரியர் எந்த நாட்டவர் என்பதற்கு அங்கே இடமில்லை. உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது, கடிதப் போக்குவரத்து யார் பெயரில் என்பதுதான் கணக்கு.

மலேசியப் பேராசிரியர் விஷயத்தில் முதலில் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பல இதழ்கள் யார் என்ன செய்தார் என்று கிரெடிட் என்ற 14 வகைப் பட்டியலின்படி அச்சிடுகின்றன. அதில் அவர் பெயருக்கு எதிரே என்ன இருக்கிறது? இல்லாவிட்டால் வழிகாட்டிக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: "நேர்காணலில் கேட்டால் சொல்ல வேண்டும், ஐயா, அவர் பங்களிப்பு எது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்." பதில் வந்தால் அதைச் சொல்லுங்கள். வராவிட்டால் அவற்றைச் சாதாரணக் கூட்டுக் கட்டுரைகளாகவே வையுங்கள். வெளிநாட்டுக் கூட்டாய்வு என்ற தலைப்பில் தனியாகப் போடாதீர்கள். அடுத்த கேள்வியே "எப்படி அறிமுகம், யார் எந்தச் சோதனை செய்தீர்கள்?" என்பதாக இருக்கும். வெளியான கட்டுரையிலிருந்து ஒரு பெயரை எடுப்பது உங்கள் கையில் மட்டும் இல்லை. எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டு, இதழ் திருத்தம் வெளியிட வேண்டும். அந்தப் போராட்டத்தை நேர்காணலுக்கு முன் தொடங்க வேண்டாம்.

இதற்கிடையில் உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரே ஆசிரியரோடு மூன்று கட்டுரைகள், நெய்வேலிப் பொறியாளர் ஒருவர் சாம்பல் மாதிரியும் பகுப்பாய்வும் தந்து ஒரு கட்டுரையில் கூட்டாசிரியர். இதுதான் கூட்டாய்வு. கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே மூலப்பொருளும், ஆய்வகமும், உப்புக்காற்றும் கிடைத்து, அதே ஆட்களோடு திரும்பத் திரும்ப வேலை செய்திருக்கிறீர்கள். இதைத் தலைப்பிட்டு எழுதுங்கள்.

14 கட்டுரைக்கு வலைப்பின்னல் படம் வரையும் மென்பொருள் தேவையில்லை. ஒரு எக்செல் தாளில் ஆண்டு, எத்தனை ஆசிரியர், உங்கள் இடம், தொடர்பு ஆசிரியரா, எந்தெந்த நிறுவனம், நீங்கள் செய்தது என்ன, சைட்டேஷன் என்று ஏழு கட்டங்கள் போதும். விரும்பினால் எட்டாவதாக, சைட்டேஷனை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து எழுதுங்கள். அந்த 96 அங்கே 19.2 ஆகிவிடும். பிற்பாடு கட்டுரைகள் பெருகினால், லைடன் பல்கலைக்கழகத்தில் உருவான வாஸ்வியூவர் என்ற அந்த வகை மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

இன்னொரு சந்தேகத்துக்கும் இங்கேயே பதில்: காலாப்பட்டில் கட்டணம் கட்டி எடுத்த எஸ்இஎம் (மின்னணு நுண்ணோக்கி) படத்துக்காக அங்குள்ளவரைக் கூட்டாசிரியராக்கத் தேவையில்லை. நன்றி நவிலலில் குறிப்பிட்டால் போதும். அவர் முடிவை விளக்கவும் எழுதவும் உட்கார்ந்திருந்தால் மட்டுமே பெயர் போட வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவும் தரகரும்

இரண்டிலும் சேராதீர்கள்.

மாற்றி மாற்றி மேற்கோள் காட்டுவது மறைவாக நடக்கும் என்று நினைப்பது தவறு. யார் யாரை எத்தனை முறை காட்டினார் என்பது தரவுத்தளத்தில் பகிரங்கமாகக் கிடக்கிறது; ஒரே ஊரைச் சேர்ந்த பத்துப் பேர், துறைக்குச் சம்பந்தமில்லாமல், ஒரே ஆண்டில் ஒருவரையொருவர் காட்டினால் அந்த வடிவம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். இப்படிப்பட்ட குளறுபடிகளால்தான் 2023-ல் கிளாரிவேட் என்ற மேற்கோள் தரவு நிறுவனம் தன் அதிக மேற்கோள் பெற்றோர் பட்டியலிலிருந்து கணிதத் துறையையே விலக்கி வைத்தது. குழுவிலிருந்து சண்டையில்லாமல் விலகலாம். "என் பொருளுக்குப் பொருந்தினால் நிச்சயம் காட்டுகிறேன்" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

தரகர் விஷயத்தில் ஆபத்து இன்னும் பெரிது. அவர் விற்பது, நீங்கள் பார்க்காத தரவு, நீங்கள் செய்யாத சோதனை. ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023-ல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெற்ற கட்டுரை மறைவதில்லை. உங்கள் பெயரோடு, "திரும்பப் பெறப்பட்டது" என்ற முத்திரையோடு நிரந்தரமாக நிற்கும். இப்போது மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசையிலும் அவற்றுக்கு மதிப்பெண் கழிக்கிறார்கள். கல்லூரியே உங்களைத் திருப்பிக் கேட்கும். பதினான்கு நேர்மையான கட்டுரைகளுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றை ஏன் வைக்க வேண்டும், சகோதரி? அந்தச் செய்தியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணை பிளாக் செய்யுங்கள்.

நேர்காணலுக்கு

சைட்டேஷன் இல்லாவிட்டால் பதவி உயர்வே இல்லை என்று நம்புகிறீர்கள். ஏஐசிடிஇ-யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2019 விதிமுறை இணைப் பேராசிரியருக்கு முனைவர் பட்டம், பட்டத்துக்குப் பின் 2 ஆண்டு உட்பட 8 ஆண்டு அனுபவம், ஏற்கப்பட்ட இதழ்களில் 6 கட்டுரைகள் என்றுதான் கேட்கிறது. சைட்டேஷனுக்கு எல்லைக்கோடு இல்லை. கல்லூரி தனியாக ஒரு எல்லை வைத்திருக்கலாம். வைத்திருந்தால் அது எது, எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்று முதல்வர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். யுஜிசி-கேர் என்ற ஏற்கப்பட்ட இதழ்களின் பட்டியலை 2025 பிப்ரவரியில் யுஜிசி கைவிட்டுவிட்டது. ஆகவே உங்கள் ஒவ்வொரு இதழும் கட்டுரை வெளியான ஆண்டில் எங்கே பட்டியலிடப்பட்டிருந்தது என்பதற்கு அத்தாட்சி எடுத்து வையுங்கள். உங்கள் ஓர் இதழைப் பிறகு ஸ்கோபஸ் நிறுத்திவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இதழின் பக்கத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று போட்டிருக்கும். உங்கள் கட்டுரை அந்த வரம்புக்குள் இருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள்.

திருத்திய விண்ணப்பத்தில் இப்படி எழுதலாம்: "ஸ்கோபஸ், (தேதி): 14 கட்டுரை, 262 சைட்டேஷன், என் சொந்த மேற்கோள் நீங்கலாக 221, எச்-இன்டெக்ஸ் 9. கூகுள் ஸ்காலர், அதே தேதி: 379 சைட்டேஷன். முன்பு கொடுத்த 437-ல் என் பெயர் கொண்ட வேறொருவரின் இரண்டு கட்டுரைகள் தவறாகச் சேர்ந்திருந்தன, நீக்கியிருக்கிறேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கேட்பதற்கு முன் நீங்களே சொன்னால் அது திருத்தம்; கேட்ட பின் சொன்னால் சமாளிப்பாகத் தெரியும்.

நேர்காணல் நாளுக்குள் ஸ்கோபஸ் இரண்டு பக்கங்களையும் இணைக்காவிட்டால் பதற வேண்டாம். இரண்டு பக்கங்களையும் தேதி தெரியும்படி அச்செடுங்கள்; கோரிக்கை பதிவானதற்கு வந்த மின்னஞ்சலை அதோடு வையுங்கள்; 14 கட்டுரைகளையும் டிஓஐ எண்ணோடு (ஒவ்வொரு கட்டுரைக்குமான நிலையான இணைய எண்) ஒரே தாளில் இறங்குவரிசையில் அடுக்கி, ஒன்பதாவது வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். குழுவில் யாரானாலும் அதை அங்கேயே விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.